ஏழாம் மனை

திருக்கை முனை
14 மே 1988

அன்புள்ள ஆல்மா அக்காவுக்கு,

வின்னி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஹோரஸுக்கு முழங்கால் வலி, ஆனால் மீன் பிடிக்கப் போகிற அன்று மட்டும் வலிப்பதில்லை. நீயும் க்ளெமும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? மழை விட்டுவிட்டது. சாலைதான் இன்னும் காயவில்லை.

பெரிய செய்தி ஒன்று. நம் ஊரில் சொந்த வீடு வரப்போகிறது. கவுன்சில் வாடகைக்கு விடுகிற வீடு இல்லை, பாதிரிமார் கட்டிய மிஷன் வீடு இல்லை. நம் பெயரில் பத்திரம், நம் கையில் சாவி, நமக்குப் பிறகு பிள்ளைகளுக்கு. கடனை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். பூர்வகுடி வீட்டுக் கழகத்திலிருந்து நெவில் என்று ஒரு அதிகாரி விமானத்தில் வந்திருந்தார். சின்ன வயது, வெயிலில் மூக்குத் தோல் உரிந்து கிடந்தது. கான்டீன் மேஜையில் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கொரு இறைச்சி டின் வைத்தார். விமானத் தரைக்கு அப்பால் பன்னிரண்டு மனை, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. ஊர்க் கமிட்டியில் நானும் இருக்கிறேன். எட்கர் மாமாதான் தலைவர்.

எனக்கும் ஹோரஸுக்கும் ஏழாம் மனை. எதிர் மனை யாருக்குத் தெரியுமா? நம் ஜோசிக்கும் அவள் புருஷனுக்கும்.

“இது ஆகாது” என்றேன்.

“மக பக்கத்துல இருந்தா நல்லதுதானே?” என்றார் நெவில்.

“மக இருக்கட்டும். மாப்பிள்ளை?”

“ஏன், அவரோட சண்டையா?”

எட்கர் மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சண்டை இல்லப்பா, மரியாதை. மாமியா மாப்பிள்ளை மூஞ்சியப் பாக்கக் கூடாது, பேசக் கூடாது. நீ போட்டிருக்கற மாதிரி கட்டினா இவ கதவத் தொறக்கையில அவன் மூடணும், அவன் தொறக்கையில இவ மூடணும். நாள் பூரா கதவுதான் ஆடும்.”

ஹோரஸ் கமிட்டியில் இல்லை. ஆனாலும் வாசலில் நின்றுகொண்டு, “நான் ரெண்டு கதவுக்கும் நடுவுல நாற்காலி போட்டுக்கறேன். காத்து நல்லா வரும்” என்றான்.

நெவில் ரப்பரை எடுத்து அழித்தார். கேட்டால் அழிக்கிற ஆள்தான்.

பிள்ளைகளுக்கு முத்தம். படகு வரும்போது கொடுவா உப்புப் போட்டு அனுப்புகிறேன்.

உன் தங்கை
வின்னி


ரயில்வே குடியிருப்பு, டவுன்ஸ்வில்
20 ஜூன் 1988

என் வின்னிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். கதவு ஆடுகிற இடத்தில் சின்னவள் ஷெர்லி தரையில் புரண்டு சிரித்தாள். நாங்கள் நலம். க்ளெமுக்கு இந்த மாதம் தண்டவாள வேலை வடக்கே. அதனால் வீடு அமைதியாக இருக்கிறது.

ஹோரஸிடம் சொல், அவன் நாற்காலியில் உட்கார்ந்தால் காற்று வராது, அவன் உடம்பு அப்படி.

ஒன்று கேட்கட்டுமா? அந்தப் பன்னிரண்டில் ஏதாவது மிச்சம் இருந்தால் என் பெயரையும் சேர்க்க முடியுமா? சும்மாதான் கேட்கிறேன். உடனே ஒன்றும் இல்லை.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்.

ஆல்மா


திருக்கை முனை
9 ஆகஸ்ட் 1988

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். உனக்காகக் கேட்டேன். இப்போது ஊரில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் என்கிறார் நெவில். “அவ பொறந்ததே இங்கதான், தொப்புள்கொடி இந்த மண்ணுலதான் இருக்கு” என்று எட்கர் மாமா வாதாடினார். நெவில் அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் பட்டியல் நிரம்பிவிட்டது. நீ ஏன் கேட்டாய் அக்கா? க்ளெமுக்கு வேலை மாற்றமா?

தெரு இப்போது தூண்டில் முள் மாதிரி வளைந்துவிட்டது. மாப்பிள்ளை முள்ளின் கூரில், நான் காதுப் பக்கம். இதே மாதிரி மாமியாரும் மாப்பிள்ளையும் எதிரெதிரே விழுந்த இன்னும் நான்கு குடும்பங்களையும் அப்படியே பிரித்துப் போட்டோம். கடைசியில் நெவிலே, “உங்க ஊர்ல வீடு கட்டறதுக்கு முன்னாடி கல்யாணத்த வரையணும் போல” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நில அளவைக்காரர்கள் முளை அடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் மனைக்கு வெளியே ஒரு முந்திரி மரம் நின்றது. மறுவாரம் பார்த்தால் உள்ளே நிற்கிறது. நெவில் நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த முளை நகந்திருக்கே” என்றார்.

“கரையான் தூக்கிட்டுப் போயிருக்கும்” என்றான் ஹோரஸ்.

“இரும்பு முளைங்க.”

“இங்க கரையான் பெருசு.”

மரம் எங்களுக்கே என்று எழுதிவிட்டார். ஹோரஸ் தினமும் சாயங்காலம் போய் அந்த வெற்று மனையில் நிற்கிறான். இது சமையலறை, இது ஆல்மா வந்தால் படுக்கிற அறை என்று எனக்கு நடந்து காட்டுகிறான்.

பதில் போடு.

வின்னி


டவுன்ஸ்வில்
3 அக்டோபர் 1988

வின்னிக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். ஷெர்லிக்குக் காது சீழ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன். இப்போது பரவாயில்லை. பெரியவள் நன்றாகப் படிக்கிறாள். மஞ்சள் துணி மலிவாகக் கிடைத்தது, உன் வீட்டு ஜன்னலுக்கு அனுப்புகிறேன். அளவு தெரியாமல் நீளமாகவே வெட்டினேன்.

இனிக் கடிதத்தைத் தபால் நிலையப் பெயருக்கே போடு. நானே போய் வாங்கிக்கொள்கிறேன், இங்கே தபால்காரர் சரியில்லை.

ஆல்மா


திருக்கை முனை, ஏழாம் மனை
12 டிசம்பர் 1988

அக்கா,

முகவரியைப் பார்த்தாயா? குடிவந்துவிட்டோம்.

செங்கல் சுவர், தகரக் கூரை, மூன்று அறை, குழாயைத் திறந்தால் சமையலறைக்குள்ளேயே தண்ணீர். சாவி கொடுத்த அன்று ஒரு பத்திரிகைக்காரி வந்து எங்களை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தாள். “சிரிங்க” என்றாள். ஹோரஸ் சிரித்ததில் மேல் பல் இல்லாதது தெரிந்துவிட்டது. படம் எடுத்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. “இன்னொண்ணு எடு, வாய மூடிக்கறேன்” என்றான். பிலிம் தீர்ந்துவிட்டதாம்.

உள்ளே சூடு. சுவர் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி கக்குகிறது. ஹோரஸ் பின்பக்கம் முந்திரி மரத்தடியில்தான் படுக்கிறான். “சொந்த வீடு வாங்கி வெளியில படுக்கற ஆளு நீ ஒருத்தன்தான்” என்றேன். “அந்த வெளியும் என்னோடதுதான்டி, பத்திரத்துல இருக்கு” என்றான்.

இருந்தாலும் அக்கா, ராத்திரி எழுந்து சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். நம் அம்மா கவுன்சில்காரன் வந்து எழுப்பும்போதெல்லாம் மூட்டை கட்டியவள். என்னை இனி யாரும் எழுப்ப முடியாது.

ஈஸ்டருக்கு வா. க்ளெமுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. மேகம் கட்டிவிட்டது, இனித் தபால் எப்போது போகுமோ.

வின்னி


மே/பா. திருமதி டோரிஸ், பின்கட்டு
டவுன்ஸ்வில்
21 பிப்ரவரி 1989

என் தங்கையே,

ரேடியோச் செய்தி கிடைத்தது. நம்ப முடியவில்லை. விமானம் கேட்டுப் பார்த்தேன், உங்கள் விமானத் தரை வெள்ளத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். வர முடியவில்லை. அடக்கம் முடிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

பிள்ளைகளிடம் இனிச் சித்தப்பா பெயரைச் சொல்லக் கூடாது, செத்தவர் பெயரைச் சொல்வது நம் வழக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பெரியவள் புரிந்துகொண்டாள். ஷெர்லி மறந்துபோய்ச் சொல்லிவிடுகிறாள், வாயைப் பொத்துகிறேன். உன் பழைய கடிதங்களில் பெயர் வருகிற இடங்களை மையால் அடித்துவிட்டேன்.

சாப்பிடுகிறாயா? யார் வீட்டில் இருக்கிறாய்? ஒரு வரி போதும்.

ஆல்மா


மே/பா. திருமதி டோரிஸ்
16 ஏப்ரல் 1989

வின்னிக்கு,

ஈஸ்டர் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. படகு வந்து போனதாகக் கேள்விப்பட்டேன். வெறும் காகிதத்தை உறையில் போட்டு அனுப்பினாலும் சரி.

ஆல்மா


திருக்கை முனை
2 ஜூன் 1989

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பிள்ளைகள் நலமா. இங்கே மழை விட்டுவிட்டது.

இரண்டாம் கட்டமாக இன்னும் பத்து வீடு கட்டப் போகிறார்கள். கமிட்டி கூடியது. நானும் போனேன். தெருவிளக்கு எங்கே, குப்பைக் குழி எங்கே என்று பேசினார்கள்.

நான் கான்டீனுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் இருக்கிறேன். ஜோசி வீட்டில் இருக்க முடியாது, மாப்பிள்ளை இருக்கிறார். எட்கர் மாமாவின் தங்கைகள் இரண்டு பேர் கூட இருக்கிறார்கள். அவர்கள் சமைக்கிறார்கள். சாப்பிடுகிறேன்.

அன்று காலை என் வீட்டுக்காரர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று மூடப் போனேன். அவ்வளவுதான்.

வீட்டை அன்றே மூடினோம். இலைப்புகை போட்டு, சுவரைச் சுற்றிக் காவிக்கோடு இழுத்தார்கள். எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. பக்கத்து மனைக்காரர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில்லை.

கமிட்டி முடிந்து நெவில் தனியே கேட்டார். யாரும் குடியிருக்காத வீட்டைக் கழகம் திருப்பி எடுத்துக்கொள்ளும், அப்படித்தான் பத்திரத்தில் எழுதியிருக்கிறதாம்.

“எவ்வளவு நாள் மூடி வச்சிருப்பீங்க?”

“தொறக்கற வரைக்கும்” என்றார் எட்கர் மாமா.

“ஒரு மாசம்?”

“ஒரு வருஷம்னு வச்சுக்கோ. ஆட்டம் ஆடறவங்க வரணும், சொந்தக்காரங்க வரணும். அவசரப்பட்டா செத்தவருக்கு வழி தெரியாது.”

“இதுக்கு முன்னாடி யார் வீட்லயாவது இப்படி ஆனா என்ன செய்வீங்க?”

“மாத்திக்குவோம். கவுன்சில் வீடுதானே. இவ அங்க போவா, அவன் இங்க வருவான். ஒரு சாவுக்கு ஒரு தெருவே நகரும்.”

“இப்ப?”

“இப்ப அவனவன் வீடு அவனவனுக்கு. நீதானே சொன்னே.”

நெவில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் அழிக்க ஒன்றும் இல்லை. சமையலறை எந்தப் பக்கம், மாப்பிள்ளை எந்தப் பக்கம் என்று மாதக்கணக்கில் பேசினோம் அக்கா. இதை யாரும் பேசவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வின்னி


மே/பா. திருமதி டோரிஸ்
5 ஜூலை 1989

என் வின்னிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே போதும். நாங்கள் நலம். டோரிஸ் நல்ல மனுஷி. மாவு பிசைந்து கொடுத்தால் வாடகையில் கழித்துக்கொள்கிறாள்.

வீட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா? நம் ஆட்களில் வேறு யாராவது, திறந்த பிறகு, அதில் குடியிருந்தால் ஒப்புக்கொள்வார்களா? கேட்டுப் பார். யாராவது என்றுதான் சொல்கிறேன்.

பெரியவள் உன்னை விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆல்மா


திருக்கை முனை
11 செப்டம்பர் 1989

அன்புள்ள அக்கா,

நலம். எல்லோரும் நலம்.

இரண்டாம் கட்டத்துக்குக் கடைசிக் கூட்டம் நடந்தது. கழகத்திலிருந்து நெவிலுக்கு மேலே உள்ளவரும் வந்திருந்தார். நான் எழுந்து கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை.

“ஒவ்வொரு தெருவுலயும் ஒரு வீட்ட யாருக்கும் விக்காம விடுங்க” என்றேன்.

“யாருக்காக?” என்றார் அந்தப் பெரியவர்.

“யாருக்கும் இல்ல. சாவு விழுந்த வீட்டுக்காரங்க வந்து இருக்கறதுக்கு. அவங்க வீடு தொறந்ததும் திரும்பிப் போயிடுவாங்க. அடுத்தவங்க வருவாங்க.”

“காலி வீட்டுக்கு யார் பணம் கட்டறது?”

“என் காலி வீட்டுக்கு நான் கட்டறேனே” என்றேன்.

நெவில், “பத்துல ஒண்ணு, சார். வரைஞ்சுடலாம்” என்றார். பெரியவர் இது சொந்த வீட்டுத் திட்டம், சொந்தக்காரர் இல்லாத வீட்டுக்கு இதில் இடமில்லை என்றார். போன வாரம் எழுத்தில் பதில் வந்தது. இல்லை என்று. பத்து வீடும் விற்பனைக்குத்தான். எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அவர்களை வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

நெவில் தனியாக ஒரு வரி எழுதியிருந்தார். மூடிய வீட்டை வருஷக் கடைசிவரை விட்டு வைக்கிறார்களாம். அதற்குள் கூடப் பிறந்தவர் யாராவது வந்து குடியிருந்தால் அவர் பெயருக்கு மாற்றலாமாம். திறந்தாலும் என்னால் அங்கே படுக்க முடியும் என்று தோன்றவில்லை, உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் வேண்டும், அதையும் சொல்லி வைத்திருக்கிறேன்.

திறப்பு அக்டோபர் கடைசி சனிக்கிழமை. முன்னாலேயே வந்துவிடு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. க்ளெமைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

வின்னி


ஏழாம் மனை
26 நவம்பர் 1989

வின்னிக்கு,

ஷெர்லியிடம் கொடுத்து அனுப்புகிறேன். விமானத் தரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நேரில் பேசினால் நீ மீனைக் கொடுத்துவிட்டு வேலியிலிருந்தே திரும்பிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

திறப்பன்று எல்லோரும் ஆடினார்கள். புகையோடு கூட்டம் மொத்தமும் அறை அறையாகப் போய் வந்தது. உடம்பெல்லாம் காவி பூசிக்கொண்டு நீ மட்டும் முற்றத்தில் நின்றாய். பிறகு கொட்டகைக்குப் போய்விட்டாய். ஒரு மாதம் ஆகிறது.

நீ எழுத வேண்டாம் என்றதை எழுதுகிறேன். நீ சொந்த வீட்டுச் செய்தி எழுதினாயே, அப்போதே க்ளெம் இல்லை. மக்காயில் வேறொருத்தியோடு இருக்கிறான். ரயில்வேக்காரர்கள் அக்டோபரில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். உன் செய்தி பழைய முகவரிக்குப் போய், அங்கேயிருந்து அலுவலகத்துக்குப் போய், எனக்குக் கிடைத்தபோது அடக்கம் முடிந்து ஒரு வாரம். வெள்ளம் என்று எழுதினேன். அந்த வாரம் வெள்ளமா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

இந்த வீட்டில் படுக்கிற ஒவ்வொரு ராத்திரியும், உனக்கு விழுந்த இடியால் எனக்குக் கூரை கிடைத்தது என்றுதான் நினைப்பு வருகிறது. நல்லபடி தூங்கவும் செய்கிறேன். அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியவில்லை.

உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிடு, வின்னி.

ஆல்மா


கொட்டகை
அன்றே

அக்கா,

ஷெர்லி நிற்கிறாள், சீக்கிரம் எழுதுகிறேன்.

அந்த வாரம் விமானம் இரண்டு தடவை இறங்கியது. ஒன்றில் சவப்பெட்டியே வந்தது. எனக்குத் தெரியும். கேட்கவில்லை. டோரிஸ் முகவரியைப் பார்த்ததும் மீதியும் தெரிந்துவிட்டது. உனக்குக் கூரை கிடைத்ததில் எனக்கு ஒன்றும் இல்லை. சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. எதுவுமே இல்லை அக்கா, ஒன்பது மாதமாக. கையைக் கிள்ளினால் யாருடைய கையையோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறது.

வேலிவரை கால் வருகிறது. அதற்கு மேல் வரவில்லை. பயம் இல்லை. புகை போட்டாயிற்று, அவருக்கு வழி தெரிந்துவிட்டது, எல்லோரும் சொல்கிறார்கள். அவரை வழியனுப்பியவர்கள் என்னைத்தான் உள்ளே கூப்பிட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. சொந்த வீட்டுக்காரியை யார் கூப்பிடுவார்கள்?

இப்போது அது உன் வீடு. நீ கூப்பிடலாம்.

நாளைக்கு வருகிறேன். வாசலில் நில். ஒரு தடவை சொல்லிவிட்டு உள்ளே போய்விடாதே, நான் அப்படியே திரும்பிவிடுவேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. நான் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இரு.

வின்னி